டிவியில் வந்த ஒருவரை அப்பா இடத்தில் வைக்கலாமா?

கடைக்குட்டி எழுதியது:

போன வாரம் அக்கா வீட்டில் நடந்தது இது. அக்கா மகளுக்குப் பள்ளியில் ‘என் வழிகாட்டி’ என்று ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். “மாமா, உங்களுக்கு யார் வழிகாட்டி?” என்று கேட்டாள். ஒரு நொடிகூட யோசிக்காமல் “கேப்டன் பிக்கார்ட்” என்று சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் மாறிவிட்டது. குழந்தை அந்தப் பக்கம் போனதும், “அம்மா ரெண்டு வேலை பார்த்து நம்மை ஆளாக்கினாள். உனக்கு டிவியில் வந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறானா?” என்றாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை.

எனக்கு ஏழு வயதில் அப்பா வீட்டைவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை. அம்மாவை நான் ஒருநாளும் குறைத்து நினைத்ததில்லை. ஆனால் ஒரு ஆண் எப்படிப் பேசுவான், கோபம் வந்தால் என்ன செய்வான், தப்பு செய்தவனை எப்படி நிறுத்திக் கேட்பான், இதையெல்லாம் பார்க்க எனக்கு வீட்டில் யாரும் இல்லை. மறுஒளிபரப்பில் வந்த அந்தத் தொடரில்தான் பார்த்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987 முதல் 1994 வரை வந்த விண்வெளித் தொடர். பிக்கார்ட் அதில் கப்பலின் கேப்டன். பேட்ரிக் ஸ்டூவர்ட் நடித்தார். பிக்கார்டுக்குப் பிள்ளைகளோடு பழகவே வராது. முதல் கதையிலேயே அதைத் தன் துணை அதிகாரியிடம் ஒப்புக்கொள்கிறார். அந்தக் கப்பலில் வெஸ்லி என்று ஒரு பையன். அவனுடைய அப்பா, பிக்கார்டின் தலைமையில் வேலை செய்தபோது இறந்துபோனவர்.

1992ல் வந்த ஒரு எபிசோடில் வெஸ்லி பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறான். தடை செய்யப்பட்ட ஒரு வான்சாகசத்தை அவனுடைய குழு செய்து பார்க்க, ஒரு மாணவன் இறந்துவிடுகிறான். எல்லோரும் சேர்ந்து விசாரணையில் மறைக்கிறார்கள். பிக்கார்ட் உண்மையைக் கண்டுபிடித்து வெஸ்லியைத் தனியாகக் கூப்பிடுகிறார். கத்தவில்லை, அடிக்கவில்லை. ஒரு அதிகாரியின் முதல் கடமை உண்மைக்குத்தான் என்று சொல்லிவிட்டு, நீயாகச் சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்று கேட்கிறார். பையன் போய்ச் சொல்கிறான். தண்டனையாக ஒரு வருடப் படிப்பு போகிறது. பிக்கார்ட் அதைத் தடுத்துக் காப்பாற்றப் பார்ப்பதில்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த மாதம் ஒரு தேர்வில் நண்பனைப் பார்த்து எழுதியிருந்தேன். அந்த எபிசோடைப் பார்த்த அடுத்த நாள் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். இன்றுவரை என் வாழ்க்கையில் நான் செய்த சரியான காரியங்களில் முதலாவது அதுதான்.

இப்படி ஒருவரை வழிகாட்டி என்று சொல்வது தப்பா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அக்கா சொன்னதும் மனதை அரிக்கிறது.

---

உரைகல் எழுதியது:

தப்பு என்று சொல்ல மாட்டேன் நண்பரே. ஆனால் அப்பா என்ற சொல்லை அங்கே வைக்கக்கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

1956ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் டிவி பார்ப்பவர்களுக்கும் திரையில் தோன்றுபவர்களுக்கும் இடையில் உண்டாகும் நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அது ஒருவழி உறவு. நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. நண்பர், உறவு என்று நாம் நினைப்பதெல்லாம் நம் பக்கத்தில் மட்டும் நடக்கிறது.

அப்பா என்பவர் முதலில் உங்களைப் பார்க்க வேண்டும். நீங்கள் சாப்பிடாமல் படுத்தால் அவருக்குத் தெரிய வேண்டும். பிக்கார்ட் வெஸ்லியைப் பார்த்தார், உங்களைப் பார்க்கவில்லை. நீங்கள் அந்தத் தேர்வு விஷயத்தை ஆசிரியரிடம் சொல்லாமல் விட்டிருந்தாலும் அடுத்த வாரம் அவர் அதே முகத்தோடு திரையில் வந்திருப்பார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அதுதான்.

இன்னொன்று. திரையில் வரும் அப்பா சரியான வார்த்தையைச் சரியான நேரத்தில் சொல்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஒரு அறை நிறைய எழுத்தாளர்கள் பல வாரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலை முடிந்து களைத்து வீட்டுக்கு வரும் ஒரு மனிதனை அவரோடு ஒப்பிட்டால் எப்போதும் வீட்டு மனிதன்தான் தோற்பான். இது எனக்குப் படிப்பறிவால் தெரிந்தது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

---

தூறல் எழுதியது:

உரைகல், “பார்க்க வேண்டும்” என்று சொன்னீர்கள். வீட்டிலேயே இருந்துகொண்டு பிள்ளையைப் பார்க்காத அப்பாக்கள் எத்தனை பேர்! என்னுடையவர் அப்படித்தான். மதிப்பெண் அட்டையைப் பார்ப்பார், என்னைப் பார்க்க மாட்டார். தோற்றுப் போய் நின்றால் மூன்று நாள், நான்கு நாள் பேசாமல் இருப்பார். மன்னிப்புக் கேட்டாலும் பதில் வராது.

‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ (2005–2008) குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். அதில் ஸூக்கோ என்ற இளவரசனைப் பதின்மூன்று வயதில் அவனைப் பெற்ற தகப்பனே முகத்தில் சுட்டு நாட்டைவிட்டுத் துரத்துகிறான். கூடவே போகிறவர் அவன் பெரியப்பா ஐரோ. சொந்த மகனைப் போரில் இழந்தவர். மூன்று வருடம் அவனோடு அலைகிறார், அவன் கத்துவதையெல்லாம் கேட்டுக்கொள்கிறார். கடைசியில் ஸூக்கோ அவரையே காட்டிக்கொடுத்துவிட்டு, அந்தக் கொடுமைக்காரத் தகப்பனிடம் திரும்பிப் போகிறான். ஐரோ சிறைக்குப் போகிறார்.

பிறகு மனம் மாறி அவரைத் தேடி வருகிறான். அவர் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். விடியும்வரை காத்திருந்து, அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க ஆரம்பிக்கிறான். அவன் வாக்கியத்தை முடிக்கும் முன்பே ஐரோ அவனை இழுத்துக் கட்டிக்கொள்கிறார். கோபமாக இருப்பீர்கள் என்று நினைத்தேனே என்கிறான். எனக்குக் கோபமே வந்ததில்லை, நீ வழி தவறிவிட்டாயோ என்றுதான் பயந்தேன் என்கிறார்.

அதைப் பார்த்தபோது எனக்கு இருபத்தி நான்கு வயது. மன்னிப்பு இவ்வளவு சீக்கிரம் கிடைக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நிஜமாகவே தெரியாது. இன்று என் மகன் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நின்றால், அவன் பேசி முடிக்கும்வரை நான் காத்திருப்பதில்லை. அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது எந்த உறவுக்காரரும் இல்லை.

---

கரும்பலகை எழுதியது:

முப்பத்தொரு வருடம் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றாலும், இந்த விவாதத்தில் ஒரு கேள்வியை யாரும் தொடவில்லை. நாம் திரையில் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், எதற்காக?

‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்று ஒரு அமெரிக்கத் தொடர், 1971ல் தொடங்கியது. குடும்பத் தலைவர் ஆர்ச்சி பங்கர் இனவெறி பேசுகிறவர். மருமகன் மைக் அவரோடு வாதாடுவான். உருவாக்கியவர் நார்மன் லியர். ஆர்ச்சியின் பேச்சு எவ்வளவு அபத்தம் என்று மக்கள் பார்த்துத் திருந்த வேண்டும் என்பதுதான் நோக்கம். 1974ல் விட்மர், ரோக்கீச் என்ற இரண்டு உளவியலாளர்கள் பார்வையாளர்களிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே பாரபட்சம் உள்ளவர்கள் ஆர்ச்சியைத்தான் மெச்சினார்கள், வாதத்தில் ஜெயிப்பவர் அவர்தான் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஒரே காட்சி, ஒரே வசனம். அவரவர் கொண்டுவந்ததை அவரவர் எடுத்துப் போனார்கள்.

ஆகவே கடைக்குட்டி, உங்களைப் பற்றி நான் நினைப்பது இது. உண்மை பெரிது என்பது அந்த எபிசோடுக்கு முன்பே உங்களுக்குள் இருந்திருக்கிறது. இல்லையென்றால் அது ஒரு விண்வெளிக் கதை, முடிந்ததும் விளையாடப் போயிருப்பீர்கள். உங்கள் வகுப்பில் இன்னும் எத்தனை பிள்ளைகள் அதே எபிசோடைப் பார்த்திருப்பார்கள்? எத்தனை பேர் ஆசிரியரிடம் போனார்கள்? அந்த விதையை யார் போட்டார்கள் என்று உங்கள் அக்கா கேட்கிறார். சரியான கேள்வி.

---

கடைக்குட்டி எழுதியது:

ஐயா, உங்கள் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. யோசிக்கிறேன்.

உரைகல் சொன்ன எழுத்தாளர் அறை பற்றி மட்டும் ஒன்று. பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட், தன் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததைச் சிறுவனாகப் பார்த்து வளர்ந்தவர். அதை அவரே பொதுவில் பலமுறை பேசியிருக்கிறார். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்புக்காக அம்மாவின் நினைவாக உழைக்கிறார். பிறகு, 2012ல், அப்பா 1940ல் பிரான்ஸில் போரில் இருந்தபோது மனநிலை பாதிக்கப்பட்டவர் என்று தெரியவந்தது. அதற்குப் பிறகு, மனம் காயப்பட்ட முன்னாள் படைவீரர்களுக்கு உதவும் அமைப்புக்காகவும் அப்பாவின் பெயரில் பேசுகிறார்.

அந்த மனிதர்தான், குரலை உயர்த்தாமல் ஒரு பையனைத் திருத்தும் பெரியவராக நின்றார். அது வெறும் எழுதிக் கொடுத்த வசனம் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்றை முகத்தில் கொண்டுவந்தார். எனக்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் எனக்குப் புரிந்தது.

---

உரைகல் எழுதியது:

சரி, நடிகரின் வாழ்க்கையை நீங்களே உள்ளே கொண்டுவந்துவிட்டீர்கள். அப்படியானால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

‘தி காஸ்பி ஷோ’ 1984 முதல் 1992 வரை ஓடியது. அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்து சீசன் அதிகம் பேர் பார்த்த தொடர். டாக்டர் கிளிஃப் ஹக்ஸ்டபிள், ஐந்து பிள்ளைகள், சிரித்த முகம், எப்போதும் வீட்டில் இருக்கும் அப்பா. உலகமே அவரை அப்பா என்றது. நடித்த பில் காஸ்பி மீது ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் குற்றம் சாட்டினார்கள். 2018ல் பாலியல் வன்முறை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, சிறைக்குப் போனார். 2021ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை வழக்கு நடைமுறைக் காரணத்தால் ரத்து செய்தது. கிளிஃபை மனதில் அப்பாவாக வைத்திருந்தவர்கள் என்ன செய்ய வேண்டும்?

நடிகரை விட்டுவிடுவோம். கதாபாத்திரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எபிசோடில் மகன் தியோ மோசமான மதிப்பெண் வாங்கி வருகிறான். நான் சாதாரண ஆள், நீங்கள் டாக்டர் என்பதால் நானும் அப்படி இருக்க வேண்டுமா, உங்கள் மகன் என்பதற்காகவே என்னை நேசிக்கக் கூடாதா என்று கேட்கிறான். அரங்கில் இருந்தவர்கள் அவனுக்குக் கை தட்டுகிறார்கள். கிளிஃப் ஒரு கணம் விட்டு, நான் கேட்டதிலேயே மடத்தனமான பேச்சு இதுதான் என்கிறார். இன்னும் பெரிய கைத்தட்டல். கண்டிப்பான அப்பா என்று கொண்டாடினோம்.

1989ல் வந்த ஒரு எபிசோடில் தியோவுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளைப் படிப்பதில் பிறவிச் சிரமம், இருப்பது தெரியவருகிறது. அதற்குப் பிறகு அந்த முதல் எபிசோடைப் போட்டுப் பாருங்கள். அந்தப் பையன் சோம்பேறி இல்லை. முயன்று முடியாமல் நின்றவன். அவனிடம் ஒரு அப்பா மடத்தனம் என்று சொல்ல, அரங்கம் கை தட்டியது. திரையில் அப்பா சொன்னது சரியா தப்பா என்று கைத்தட்டல் நமக்காக முடிவு செய்துவிடுகிறது. என் பயம் அதுதான்.

---

இரவுப்பணி எழுதியது:

வணக்கம். இங்கே எல்லோரும் பிள்ளையின் இடத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் அப்பாவின் இடத்திலிருந்து.

எனக்கு ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் பெண் குழந்தைகள். ‘ப்ளூயி’ என்ற ஆஸ்திரேலிய கார்ட்டூன் 2018ல் இருந்து வருகிறது, பெரும்பாலான எபிசோடுகள் ஏழு நிமிடம்தான். அதில் வரும் அப்பா நாய் பாண்டிட், பிள்ளைகள் கூப்பிட்ட உடனே கூப்பிட்ட விளையாட்டுக்கு வந்துவிடும். ரோபோவாக மாறும், நோயாளியாகப் படுத்துக்கொள்ளும், சிலையாக நிற்கும். பார்க்க அழகாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். சில எபிசோடுகளில் என் கண்ணும் கலங்கியிருக்கிறது.

ஆனால் நான் காலை எட்டு மணிக்கு வேலையிலிருந்து வருகிறேன். பெரியவள், “நீங்க ஏன் பாண்டிட் மாதிரி விளையாட மாட்டேங்கிறீங்க?” என்று போன மாதம் கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாய் தூங்கும் நேரத்தை யாரும் காட்டுவதில்லை.

---

தூறல் எழுதியது:

இரவுப்பணி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கனத்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் மகள் உங்களிடம் கேட்கிறாள். என் அப்பாவிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. அவள் கேட்டாள் என்றால் நீங்கள் ஏற்கெனவே நிறையச் செய்திருக்கிறீர்கள்.

அப்புறம் உரைகல், கைத்தட்டல் பற்றி நீங்கள் சொன்னது என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஆனால் எல்லாத் திரை அப்பாக்களும் வசனம் பேசிக் கைத்தட்டல் வாங்குகிறவர்கள் இல்லை. ‘தி ஃப்ரெஷ் ப்ரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’ தொடரில் 1994ல் வந்த ஒரு காட்சி. பதினான்கு வருடமாக வராத அப்பா வருகிறார், மகன் வில் உருகிப் போகிறான், அவரோடு ஊர் சுற்றக் கிளம்பி நிற்கிறான். அவர் மறுபடியும் சாக்குச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எனக்கென்ன, அவர் இல்லாமலே எல்லாம் கற்றேன் என்று வில் வீராப்பாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் உடைந்து, அவருக்கு ஏன் நான் வேண்டாம் என்று கேட்கிறான். எதிரே நிற்பவர் அவனை வளர்க்கும் ஃபில், அவன் அம்மாவின் சகோதரியுடைய கணவர். நீதிபதி, பேச்சுக்குப் பேர் போனவர். அந்தக் கேள்விக்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இழுத்து அணைத்துக்கொள்கிறார். கேமரா மெல்ல விலகி, வில் தன் அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த பரிசைக் காட்டுகிறது. பிள்ளையைத் தாங்கி நிற்கும் ஒரு அப்பாவின் சிலை.

பதில் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் கூட நிற்பது. இதை எந்த அறையில் எழுதினால் என்ன?

---

தனிமரம் எழுதியது:

நான் அதிகம் எழுத மாட்டேன். ‘பிரேக்கிங் பேட்’ (2008–2013) பற்றி ஒருவரும் பேசாதது ஆச்சரியம். வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், புற்றுநோய் வந்ததும் குடும்பத்துக்காக என்று சொல்லிப் போதைமருந்து காய்ச்ச ஆரம்பிக்கிறார். ஐந்து சீசனும் இதே பல்லவி. கடைசி எபிசோடில்தான் மனைவி ஸ்கைலரிடம் உண்மையைச் சொல்கிறார். எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்று.

கதை இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ரசிகர்கள் வெறுத்தது யாரை? ஸ்கைலரை. அவராக நடித்த ஆனா கன், ஒரு கதாபாத்திரத்தின் மேல் உள்ள வெறுப்பு தன் மேலேயே பாய்ந்ததைப் பற்றி 2013ல் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுத வேண்டி வந்தது. குடும்பத்துக்காக என்று ஒரு ஆண் சொல்லிவிட்டால் அவன் என்ன செய்தாலும் அவன் பக்கம் நிற்கிறோம், கேள்வி கேட்கும் பெண் தொல்லையாகிவிடுகிறாள். கரும்பலகை ஐயா சொன்ன ஆர்ச்சி ஆய்வு இன்றும் மாறவில்லை.

கடைக்குட்டி, உங்கள் அக்கா கேட்டதும் இதன் ஒரு துண்டுதான். திரையில் அப்பாக்களுக்கு வசனம் உண்டு. அம்மாக்களுக்குச் சமையலறை.

---

கரும்பலகை எழுதியது:

தனிமரம் சொன்னது சரி. கசப்பாக இருந்தாலும் சரி.

ஆனால் உரைகலுக்கு ஒரு எதிர் உதாரணம் வைக்கிறேன். நான் வகுப்பில் பலமுறை சொன்ன கதை. ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’, 1963ல் வந்த எபிசோட். ஷெரிஃப் ஆண்டி மனைவியை இழந்தவர். மகன் ஓபி புதுக் கவண் வைத்து விளையாடும்போது ஒரு தாய்ப்பறவையைக் கொன்றுவிடுகிறான். அழுகிறான். அடிக்கப் போகிறீர்களா என்று கேட்கிறான். இல்லை என்கிறார் அப்பா. அவனுடைய அறை ஜன்னலைத் திறந்துவிட்டு, அந்தக் குஞ்சுகள் திரும்பி வராத அம்மாவைக் கூப்பிடுகின்றன, கொஞ்ச நேரம் கேள் என்று சொல்லிப் போய்விடுகிறார். அடுத்த நாள் பையன் மூன்று குஞ்சுகளையும் எடுத்து வளர்க்க ஆரம்பிக்கிறான். வளர்ந்ததும் பறக்கவிட வேண்டும். கூண்டு வெறுமையாக இருக்கிறதே என்கிறான் பையன். மரங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன பார் என்கிறார் அப்பா.

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னதும் ஒவ்வொரு வருடமும் சண்டை வரும். ஜன்னலைத் திறந்தது கொடுமை என்று பாதிப் பேர். இரண்டு அடி கொடுத்திருந்தால் லேசாகப் போயிருக்கும், ராத்திரி முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாரே என்பார்கள். மற்றவர்கள், அடித்திருந்தால் அவன் வலியை நினைத்திருப்பான், பறவையை நினைத்திருக்க மாட்டான் என்பார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சியில் இருந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டில் வாயால் வதைபட்டவர்கள் என்று போகப்போகத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவர்களோடு வாதாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தேன். அந்த ஷெரிஃப் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டைப் பற்றி என்னிடம் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

---

உரைகல் எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்ன கதையை இரண்டு முறை படித்தேன். நான் ஜன்னலை மூடச் சொல்லும் கட்சி. காரணம் வேறு.

பிறகு சொல்கிறேன் என்று முதலில் எழுதியிருந்தேன். என் அப்பா இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர். வீட்டுக்கு வந்தால் பேச்சே இருக்காது. சாப்பிடுவார், செய்தி கேட்பார், தூங்குவார். எனக்குப் பன்னிரண்டு வயது. கிளிஃப் ஹக்ஸ்டபிள் பிள்ளைகளோடு ஆடுகிறார், பாடுகிறார், மனைவியோடு சிரிக்கிறார். அந்த வயதில் நான் அப்பாவிடம், “நீங்கள் ஏன் ஒரு நல்ல அப்பாவாக இல்லை?” என்று கேட்டேன். இரவுப்பணியின் மகளைப் போலத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை. குத்துவதற்காகவே கேட்டேன். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்த கொஞ்சப் பேச்சும் போனது. அவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அவர் கைகளில் இருந்த தீக்காயங்களை நான் எண்ணிப் பார்த்தது ஆஸ்பத்திரியில்தான்.

திரையில் ஒரு அப்பா இல்லாமல் இருந்திருந்தால் என் அப்பாவை நான் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன். இந்த எண்ணம் சரியா தப்பா என்று தெரியவில்லை. ஆனால் போக மாட்டேன் என்கிறது.

---

தூறல் எழுதியது:

உரைகல், மன்னியுங்கள். உங்களை வெறும் எதிர்க்கட்சி என்று நினைத்து எழுதிவிட்டேன்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரேரி’ தொடரில் (1974–1983) வரும் சார்லஸ் இங்கால்ஸ், தவறே செய்யாத அப்பாவாக வருவார். அவர் நிஜமாக வாழ்ந்த மனிதர். மகள் லாரா பெரியவளாகி எழுதிய கதைகளிலிருந்துதான் தொடர் வந்தது. நிஜ சார்லஸ் ஓசேஜ் பழங்குடியினரின் நிலத்தில் உரிமை இல்லாமல் குடியேறியவர். கடன் அடைக்க முடியாமல் குடும்பத்தோடு இரவோடு இரவாக ஒரு ஊரைவிட்டு வெளியேறியதும் உண்டு. லாரா தன் நினைவுக் குறிப்புகளில் அதை எழுதினாள். கதைப் புத்தகங்களில் அந்த ஊரையே விட்டுவிட்டாள்.

மகளே தன் அப்பாவைக் கதாபாத்திரமாக்கினாள். பொய் சொல்ல வேண்டும் என்று செய்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவர் வாசித்த பிடில் அவள் காதில் கடனைவிடச் சத்தமாக ஒலித்திருக்கும். நீங்கள் உங்கள் அப்பாவின் தீக்காயங்களைப் பற்றி எழுதிய இரண்டு வரியில் அவர் எனக்குத் தெரிகிறார். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

---

இரவுப்பணி எழுதியது:

உரைகல் அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் போய்ப் பெரியவளை எழுப்பினேன். சிலை விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டேன். நான்தான் சிலை. படுத்துக்கொண்டே சிலையாக இருந்தேன், பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டேன். சின்னவள் என் மேல் போர்வை போட்டாளாம்.

---

கடைக்குட்டி எழுதியது:

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகை ஐயா கேட்டது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. அந்த எபிசோடுக்கு முன்பே விதையை யார் போட்டது? நேற்று ராத்திரி அக்காவைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்டேன். ஐரோ மாதிரி உடனே கிடைக்கவில்லை, கொஞ்சம் திட்டு வாங்கினேன். பிறகு பேசினோம்.

அந்த எபிசோட் வந்த அன்று அம்மா பாதிவரை எங்களோடு பார்த்தாளாம். இரண்டாவது வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடுவிலேயே கிளம்பிப் போனாள். விடிகாலையில் திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னை எழுப்பி, “அந்தப் பையன் உண்மையைச் சொல்லிவிட்டானா?” என்று கேட்டாளாம். நான் சொல்லிவிட்டான் என்றேனாம். “நல்ல பையன்” என்றாளாம். அப்போதுதான் நான் அழுதுகொண்டே தேர்வு விஷயத்தை அவளிடம் சொன்னேனாம். அவள் தூங்கப் போகாமல் என்னோடு பள்ளிக்கு வந்தாளாம்.

ஆசிரியரின் மேசை எனக்கு நினைவிருக்கிறது. அதன் மேல் இருந்த சிவப்பு மை பாட்டில்கூட நினைவிருக்கிறது. நான் தனியாகப் போய்ச் சொன்னதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அம்மா நின்றது எனக்கு நினைவில் இல்லை. அக்காவுக்கு நினைவிருக்கிறது.

பிக்கார்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் அந்தப் பையனிடம் பேசியிருக்காவிட்டால் அம்மா கேட்க ஒரு கேள்வி இருந்திருக்காது.

---

உரைகல் எழுதியது:

உங்கள் அக்கா மகள் கட்டுரையில் யாரை எழுதினாள்?

---

கடைக்குட்டி எழுதியது:

இன்னும் எழுதவில்லை. திங்கட்கிழமைதான் கொடுக்க வேண்டுமாம். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறாள், அந்த எபிசோடைப் பார்க்க வேண்டுமாம். அம்மாவும் வருகிறாள். முடிவு என்ன ஆச்சு என்று அவள் இன்னும் தன் கண்ணால் பார்க்கவில்லை.